கருவாடு வளர்த்த பல்லி

என் அண்ணனுக்கு அவன் வேலை பார்க்கும் இடத்தில் கருவாடு என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆள் ஒல்லி, பேச்சு வறட்டு, ஈரம் என்றால் ஜென்மப் பகை. அவன் ஏசி மெக்கானிக். மற்ற மெக்கானிக்குகள் அறையைக் குளிரவைக்கிறோம் என்பார்கள். இவன், "காத்துல இருக்கிற தண்ணியைப் பிழிஞ்சு வெளிய ஊத்துறேன்" என்பான். அந்தத் தண்ணீர் குழாய் வழியாகத் தெருவில் சொட்டுவதை நின்று பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு திருப்தி. மனிதர்களைப் பார்த்து அந்த முகம் மலர்ந்து நான் கண்டதில்லை.

நான் அவன் தங்கை, லாண்டரி நடத்துகிறேன். அப்பா விட்டுப்போன வீட்டில் முன்னறை எனக்கு, பின்னறை அவனுக்கு, நடுவில் ஒரு சுவர். என் பக்கம் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியின் ஆவி, கொடி நிறைய ஈரத்துணி. அதனால் அவன் பக்கம் பெயின்ட் உரிகிறதாம். இந்தச் சுவருக்காக நாங்கள் போட்ட சண்டைக்குச் செலவான தெம்பில் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம். கடைசியில் அவன் தன் பக்கத்துச் சுவர் முழுக்க பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினான். அறையில் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்து இரவு பகலாக ஓடவிட்டான். அதன் முனகல் என் தலைமாட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அண்ணி இருந்தாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டாள் என்று ஆரம்பித்த சண்டையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள், அதன்பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவள் பிழைக்கத் தெரிந்தவள். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

செல்லப்பிராணிக் கடை ஒன்றில் ஏசி மாட்டப் போனவன் ஒருநாள் கண்ணாடித் தொட்டியோடு வந்தான். உள்ளே ஒரு பல்லி. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், கொழுகொழு வால். சுவரில் ஏறத் தெரியாது, ஆனால் நம்மைப் போல இமையை மூடித் திறக்கும்.

"எதுக்கு இது?" என்றேன்.

"உன்ன மாதிரி வாயாடாது."

அன்றைக்கே சுவர் வழியாக ஒரு குரல் காதில் விழுந்தது. "சாப்டியா? புழு புடிச்சிருக்கா? இன்னைக்கு நாலாவது மாடில வேலை, முதுகு போச்சு." என் அண்ணன்தான் பேசுகிறான். என்னிடம் 'கதவைச் சாத்து' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் அதை வளர்த்த லட்சணம் இருக்கிறதே! புது மெஷின்களின் அட்டைப்பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள குட்டிக் குட்டிப் பொட்டலங்கள் போட்டு அனுப்புவார்கள். அதையெல்லாம் சேர்த்துவைத்து, தொட்டியின் அடியில் காகிதத்துக்குக் கீழே வரிசையாகப் பரப்பியிருந்தான். பூஞ்சை வரக்கூடாதாம். அந்தப் பல்லி அவ்வப்போது தோல் உரிக்கும். நல்லபடியாக இருந்தால் முழுத்தோலையும் கழற்றித் தானே தின்றுவிடும். இங்கே தோல் துண்டுதுண்டாகக் கிழிந்து, விரல்களில் இறுக்கமான மோதிரம் மாதிரி ஒட்டிக்கொண்டது. என் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? ஏசியில் தூசி தட்டும் புளோயரை எடுத்துவந்து, தூரத்தில் பிடித்து மெதுவாகக் காற்றடித்தான். ஒட்டியதை ஊதித் தள்ளிவிடலாம் என்ற கணக்கு. இந்த மூளை வேறு யாருக்கும் வராது. தோல் இன்னும் காய்ந்து இறுகியது. இரண்டு விரல்களின் நுனி கறுத்து உதிர்ந்தது.

அடுத்தமுறை தோல் உரித்தபோது இமைக்குள் தோல் மாட்டிக்கொண்டது. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. கண்ணால் பார்த்துப் பாய்ந்து தின்கிற ஜீவன் அது. புழு மூக்குக்கு முன்னால் நெளிந்தாலும் அப்படியே கிடந்தது. கொழுத்த வால் நாளுக்கு நாள் சூம்பியது.

ஒருநாள் காலையில் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"மிருக டாக்டர்கிட்ட போகணும், பைக்ல பின்னாடி உக்காந்து டப்பாவைப் பிடிக்க ஆள் வேணும்."

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைச்சா உங்கிட்ட ஏன் வந்து நிக்கிறேன்?"

போனேன். அவனுக்காக இல்லை. டப்பாவுக்குள் அது கண்ணைத் திறக்க முடியாமல் முகத்தை ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது, அதற்காக.

டாக்டரம்மா சின்ன வயசு. விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரூம்ல ஈரப்பதம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

என் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "அந்தக் கவலையே வேண்டாம் டாக்டர். ஒரு சொட்டு இருக்காது. நான் ஏசி மெக்கானிக்."

"அதனாலதான் சார் இந்த நிலைமை. தோல் உரியறதுக்கு ஈரம் வேணும். நீங்க காயவெச்சுட்டீங்க."

"பாலைவனத்துப் பல்லின்னுதானே கடைக்காரன் சொன்னான்?"

"அங்கயும் அது ஈரமான பொந்துக்குள்ள போய்த்தான் தோல் உரிக்கும்."

வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து நனைத்து ஒற்றினார். ரொம்ப நேரம் கழித்து இமைக்குள்ளிருந்து, பழைய பசை மாதிரி உருண்டையாக, அடுக்கடுக்காகச் சேர்ந்த தோல் வெளியே வந்தது. இடது கண் உள்ளே வெளுத்துப்போயிருந்தது. இனி தெரியாது என்றார். வலது கண்ணைப் பற்றி இப்போதைக்குச் சொல்வதற்கில்லை. மருந்து விட்டு, ஈரப்பாசி வைத்த டப்பாவில், காற்று காயாத இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் திறக்கவில்லை என்றால் தானாகத் தின்னாது, பிழைப்பது கஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும், "என் அறையில வெச்சிரு. அங்க ஈரத்துக்கா பஞ்சம்?" என்றேன்.

"உன் அழுக்குத்துணி மூட்டைக்கு நடுவுலயா? செத்தாலும் என் ரூம்லதான் சாகும்."

ஈரப்பாசி வாங்கிவந்து தன் அறையிலேயே வைத்தான். மெஷினை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் டாக்டரம்மா சொன்னது சரி, நான் சொன்னதும் சரி என்றாகிவிடும். அந்தப் பாசி மதியத்துக்குள் சருகாகும். மாலையில் வந்து மறுபடி நனைப்பான். மறுநாள் மறுபடி சருகு. ஒரு ஜீவனின் கண்ணைவிட இவனுக்குத் தன் வீம்பு பெரிது. இதைவிட அதிகமாக ஒருவனை என்னால் வெறுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவன் வேலைக்குப் போனதும் உள்ளே புகுந்து தொட்டியைத் தூக்கிவந்துவிட்டேன். பொட்டலங்களைக் குப்பையில் கொட்டினேன். நனைந்த பாசியை நிரப்பி, துணி காயும் கொடிக்குக் கீழே, ஆவி வந்து படிகிற மூலையில் வைத்தேன்.

மாலையில் தெருவே கூடிவிட்டது. "திருடி! என் பொருள்ல கை வெக்க நீ யாரு?" என்று குதித்தான்.

"பொருளா? உசுருய்யா அது! உன் பொண்டாட்டிக்குக் கால் இருந்துச்சு, ஓடிட்டா. இது எங்க ஓடும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவன் உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினான்.

வேளை தவறாமல் மருந்து விட்டேன். புழுவை நசுக்கி அதன் உதட்டில் தடவினேன். எனக்குக் குமட்டும். இருந்தும் செய்தேன். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், தோலை முழுசாகக் கழற்றி மென்றுகொண்டிருக்கிறது. வலது கண் விரியத் திறந்து என்னை முறைத்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ச் சுவரைத் தட்டினேன்.

"கண்ணு திறந்துடுச்சு. வந்து தொலை."

வந்தான். ஈரச் சேலைகளை விலக்கிக்கொண்டு முதன்முறையாக என் அறைக்குள் வந்தான். தலையில் தண்ணீர் சொட்டியது, துடைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து துணிமூட்டைமேல் உட்கார்ந்து புழு கொடுக்கிறான். அப்போதும் சண்டைதான்.

"வலது பக்கமா காட்டு. இடது பக்கம் அதுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பாரு."

"தெரிஞ்ச லட்சணம்தான் பார்த்தோமே."

ஆனால் உட்கார்ந்திருப்பான். புழு தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான்.

போன வாரம், "என் ரூமுக்கு வந்து பாரு" என்று கூப்பிட்டான்.

போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, அதை மூலையில் ஒதுக்கியிருந்தான். பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறிந்திருந்தான். ஜன்னலில் நனைந்த சாக்கு, கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளிகள். பெயின்ட் பாளம் பாளமாக உரிந்து, கூரை மூலையில் கரும்பூஞ்சை படர ஆரம்பித்திருந்தது. அவன் படுக்கை விரிப்பே ஜில்லென்று நசநசத்தது.

"சுவர்ல கையை வெச்சுப் பாரு" என்றான். "நீதான் ஈரத்துலயே கிடக்கிறவ, உனக்குத்தான் தெரியும். இது போதும்ல? தூக்கிட்டு வந்துடலாம்ல?"

கை வைத்தேன். உள்ளங்கை முழுக்க நனைந்தது. போதும். தாராளமாகப் போதும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் ஒன்றைக் கேட்டு, பதிலுக்காக இப்படி நின்றதே இல்லை. தொட்டி இந்த அறைக்கு வந்துவிட்டால் அப்புறம் அவன் எதற்கு என் பக்கம் வரப்போகிறான்?

"பத்தாது" என்றேன். "காத்து இன்னும் காய்ஞ்சுதான் இருக்கு."

"பத்தாதா?"

"இங்க கொண்டுவந்தா அந்த ஒத்தைக் கண்ணும் போயிடும்."

தலையாட்டினான். காலி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.