வாழைக்கறையில் காய்த்த மாங்காய்

தர்மபுரத்தில் காடு வெட்டி இரண்டு ஏக்கர் எடுத்தவன் நான். பாறை உடைத்துக் கிணறு தோண்டியவன் நான். யானை சரித்த வீட்டை மூன்று தரம் நிமிர்த்தியவனும் நானே. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது — அல்லது நான் அதை விட்டேன்! செத்தல் மிளகாய்ச் சாக்கில் பெயர் குத்த, ரப்பர்ச் செருப்பை வெட்டி அச்சுச் செய்த முதல் ஆள் யார்? வேறு யார்...

இதை நம்பித்தான் பக்கத்து வளவுப் பாக்கியம் போன கிழமை ஓடி வந்தார். கையில் மகள் வசந்தாவின் சந்தன நிற வொயில் சேலை. கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது கட்டுவதற்கு வைத்திருந்தது. கலியாணத்துக்குப் பழுக்க வைக்க வெட்டிய வாழைக்குலையை யாரோ அந்தச் சேலை காய்ந்த கொடிக்கு மேலே கட்டிவிட்டார்கள். பால் சொட்டி ஒன்பது இடத்தில் கறை!

"அண்ணை, கறைச் சேலையோட பொம்பிளை போனா மாமியார் அபசகுனம் எண்டெல்லே சொல்லுவா!"

"அழாத பிள்ளை. போகாத கறையை வைச்சே வேலை செய்வம்."

செருப்புக் குதியில் பிளேடால் ஒரு மாங்காய் செதுக்கினேன். மைக்கு? அதே வாழைப்பால்! சிரட்டையில் பிடித்தேன். மனைவி சேலையை இழுத்துப் பிடிக்க, குத்து குத்தென்று குத்தினேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "இஞ்சேருங்கோ, ஒண்டும் விழேல்லை. பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு."

"உனக்குக் கண் தெரியேல்லை."

"கண் வடிவாத் தெரியுது. உங்கட மாங்காய்தான் தெரியேல்லை!"

வாழைப்பால் சவர்க்காரமும் வெயிலும் பட்டால்தான் கறுக்கும். இத்தனை வாழை நட்டவனுக்கு இது தெரியாதா? தெரியும்! ஆனால் கை சும்மா இருக்குமா? சேலை முழுக்க இன்னொரு தரம் குத்தினேன்.

மறுநாள் சவர்க்காரம் போட்டு அலசி வெயிலில் விரித்தோம். மத்தியானத்துக்குள்... ஐயோ! ஒவ்வொரு மாங்காய்க்குப் பின்னாலும் இன்னொன்று எட்டிப் பார்த்தது. சேலை நிறைய இரட்டைக் காய்! கறை எங்கே? எனக்கே தேடியும் கிடைக்கவில்லை. கொடியைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தோம். பாக்கியம் சிரித்து, அழுது, பிறகு என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

வாய் திறக்காமல் இருப்பதா... நானா?

கலியாணம் முடிந்து விசுவமடுவில், மாப்பிள்ளை வீட்டு வாசலில், மாமியார் சேலைத் தலைப்பைத் தூக்கிப் பார்த்தார். "என்ன வடிவு! எந்தக் கடை?"

பாக்கியம் கண் இமைக்கவில்லை. "இந்தியாவில இருந்து வந்தது, மச்சாள்."

"அதுதானே பாத்தன். எங்கட ஆக்களுக்கு இது வருமே?"

கொடுத்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் விழுங்கினேன். நாக்குச் சுட்டது. பரவாயில்லை, வாயடைக்க அதுதான் உதவியது.

நேற்று வசந்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் மனைவியும் சேர்ந்து செய்ததென்ற உண்மையை அவளே மாமியாரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் கோபிக்கவே இல்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னாராம்: "அந்த அண்ணையின்ர மனுசி சரியான கெட்டிக்காரி!"

மனுசியா? என் மனைவியா?

விசுவமடு அம்மா, வடிவாகக் கேளுங்கள். சேலையைப் பிடித்தது அவள். அச்சு என்னுடையது. குத்து என்னுடையது. இரண்டாம் தரம் குத்திய அந்தப் பிழை இருக்கிறதே — அதுவும் முழுக்க முழுக்க என்னுடையதுதான்!