பின்வரிசைக் குரல்

இருட்டில், எங்கள் இருவர் தலைக்கும் நடுவே, பின்வரிசையிலிருந்து மெல்ல வந்த அந்தக் குரலை நினைத்தால் இன்றும் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. ஐம்பதுகளில் திண்டுக்கல் கொட்டகையில் ஞாயிறு காலைகளில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். எனக்குக் கல்யாணமான புதிது. என் கணவரும் அவருடைய சிநேகிதரும் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். எனக்கும் என் நாத்தனாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் சிநேகிதர் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். என் கணவர் எனக்கு அந்தப் பக்கம் அமர்ந்து தன்பாட்டுக்குப் படம் பார்ப்பார்.

அந்தப் படம் சிரிப்பும் காதலுமான கதை. தொப்பிக் கடை நடத்தும் ஒருத்திக்கும், மாடியில் குடியிருந்து ஓயாமல் ஊதுகுழல் வாசிக்கும் ஒருவனுக்கும் சண்டையான சண்டை. சிநேகிதரின் திண்டுக்கல் தமிழில் அந்த வெள்ளைக்காரர்கள் ஏசிக்கொண்டதைக் கேட்டு, நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். கடைசியில் ரயிலடி. புகைக்கு நடுவே அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். பின்னாலிருந்து குரல் தயங்கி வந்தது. "ஒங்கூடச் சண்ட போடாத நாளு எனக்கு நாளாவே தெரியல. நீ சரின்னா, ஒங்க அண்ணங்கிட்ட வந்து கேக்குறேன்."

நாத்தனார் சிரிப்பு அடங்காமல் என் காதருகே சொன்னாள்: "இவனுக்கு யாரு மதினி பொண்ணு குடுப்பாக?"

அதன்பிறகு படம் முடியும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை கட்டிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டோம். கோடை விடுமுறைக்குப் பின் அவர் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதை நான் கவனித்ததுண்டு. ஒருநாள், "அண்ணே, இப்பல்லாம் இங்கிலீஷ் படமே வாரதில்லையா?" என்று கேட்டாள். அதற்குமேல் கேட்க அவளுக்கு என்ன உரிமை இருந்தது? நத்தத்தில், மாந்தோப்புக்காரர் ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர்.

அறுபதுகளில் அதே கதையைத் தமிழில் எடுத்தார்கள். தொப்பிக் கடை பூக்கடையாகியிருந்தது; எடுத்ததற்கெல்லாம் பாட்டு. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்திருந்த நாத்தனாரை மதியக் காட்சிக்கு அழைத்துப்போனேன். கூடப் பிறந்தவர் எவருமில்லாத அநாதை தான் என்று கதாநாயகி முதல் பாட்டிலேயே பாடிவிட்டாள். ரயிலடிக் காட்சியிலும் பேச்சில்லை, ஒரு பாட்டுத்தான். பாட்டு முடிவதற்குள் நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"மதினி, இவளுக்கு அண்ணனே இல்லையே?"

"தமிழ்ல மாத்தியிருப்பாக, ஆத்தா" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

வீட்டுக்கு வந்து காபி கொடுக்கும் சாக்கில் என் கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இங்கிலீஷ்லயும் அவ அநாததான். ரயிலடியில வசனமே கெடையாது, ரெண்டு பேரும் சும்மா நிப்பாக. அதான் இவுக பாட்டு வச்சுட்டாக" என்றார்.

நிலைப்படியில் நின்று நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனில்லாத அவளுக்கு என் கணவர்தான் எல்லாம். அந்தச் சிநேகிதர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் அன்றே தாம்பூலம் மாற்றியிருப்பார். அவள் அழவில்லை. கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவி வந்து, "கடைசி பஸ்ஸு போயிரும், வாரேன் மதினி" என்றாள். நாலு நாள் தங்குவதாக வந்தவள்.

அந்த ரயிலடிப் பாட்டு பிறகு ஊரெங்கும் ஒலித்தது. பல வருஷம் கழித்து, நத்தத்தில் அவள் மகள் கல்யாணத்திலும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். சந்தனக் கிண்ணத்தோடு போய்க்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வீட்டுக்காரர் சிரித்தபடி, "என்ன, பாட்டு அம்புட்டுப் பிடிச்சுப்போச்சா?" என்றார்.

"நல்ல பாட்டுத்தான்" என்றாள். "ஆனா அந்த எடத்துல பேச்சுத்தான் நல்லாருக்கும்."