சுல்தானை எழுப்பியவர்

பாக் தாயிப் கால் கட்டைவிரலிலிருந்துதான் ஆரம்பிப்பார். கடல்நீர் ஏறும் நேரம் பார்த்து மீனவர் குடிசைக்குள் பூனைபோல நுழைந்து, தூங்குகிறவனின் வலது கட்டைவிரலை இரண்டு விரல்களால் பிடித்து, மாவு பிசைகிற பதத்தில் மெல்ல அழுத்துவார். தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல் பாட்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தோளைப் பிடித்து உலுக்குவது அவர் அகராதியில் கொலைக்குச் சமம்.

“தூங்கறப்ப உசிரு ஊர் சுத்தப் போயிருக்கும்டா. அதட்டிக் கூப்பிட்டா பாதி வழியில திகைச்சு நின்னுடும். அப்புறம் நாள் பூரா நீ ஒரு பக்கம், அது ஒரு பக்கம்” என்பார்.

“அது திரும்பி வர்றதுக்குள்ள மீனெல்லாம் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துடும், பாக்!” என்று, ‘பாக்’ என்கிற பெரியவர் மரியாதை குறையாமலே இளவட்டங்கள் கிண்டல் செய்வார்கள். ஆனாலும் கெமிலாவ் தீவில் வேறு யார் எழுப்பினாலும் அவர்களுக்குத் தலை வலிக்கிறது.

ஒடிசலான மனிதர். பாதத்தின் வெளி ஓரத்தால் நடப்பார். பலகைத் தரை கூட முனகாது. இடது காது கேட்காது. அவர் மனைவி ரொக்கியா எதைச் சொல்வதானாலும் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்துதான் சொல்ல வேண்டும். “சண்டை போடக்கூட எடம் மாறி நிக்க வேண்டியிருக்கு. அதுக்குள்ள எனக்குக் கோவமே போயிடுது” என்பாள்.

கெமிலாவ் சுல்தான்களைத் துயிலெழுப்பியது அவர் குடும்பம். அந்த அரசின் கதையைக் கேட்டால் போர்களைப் பற்றிப் பேசமாட்டார். ஒவ்வொரு சுல்தானும் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வியைச் சொல்வார். பாட்டனார் எழுப்பியவர், அலையாத்திக் காட்டை வெட்டித் துறைமுகம் கண்டவர். அவருடைய கேள்வி, “எத்தனை கப்பல் வந்திருக்கு?”

“சீனத்துக் கப்பல், பூகிஸ்காரங்க கப்பல், சூரத்துக் கப்பல்னு தாத்தா சொல்லி முடிக்கறதுக்குள்ள வெயில் ஏறிடுமாம். காத்துலயே மிளகு நெடி அடிக்குமாம்.”

தகப்பனார் எழுப்பிய சுல்தான் கேட்டது, “ஒல்லாந்தன் கப்பல் போயிடுச்சா?” அது போகவே இல்லை. ஒவ்வொரு முறை வந்தபோதும் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஈயச் சுரங்கம் போயிற்று. பிறகு துறைமுக வரி. பிறகு அடுத்த சுல்தான் யார் என்று சொல்லும் உரிமை.

தாயிப் எழுப்பியவரோ கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி, “வெளியே மழையா, தாயிப்?” என்பார். மழை என்றால் ஒல்லாந்த அதிகாரியின் படகு வராது. “மழையில்லாத நாள்லயும் மழைன்னு சொல்லியிருக்கேன். கொஞ்ச நேரம் நிம்மதியாப் படுத்திருக்கட்டுமேன்னுதான்.”

கடைசியில் கொடிமரத்தில் வந்து முட்டியது. அரண்மனையில் ஒல்லாந்தக் கொடி மேலேயும் சுல்தானின் மஞ்சள் கொடி கீழேயும் பறக்க வேண்டும் என்றார்கள். சுல்தான் முடியாது என்றார். ஒரு விடியலில் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. சுல்தான் அதற்கு முன்பே பாய்களுக்கு அடியில் படுத்து, ஒரு மிளகுப் படகில் சிங்கப்பூருக்குப் புறப்பட்டிருந்தார். பிடிபட்டால் ஜாவாவில் சிறை. அங்கே போனவர்கள் திரும்பியதில்லை. சுல்தானின் அத்தை தாயிப்பைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: “உச்சிவெயில் வரைக்கும் அவர் தூங்கணும்.”

தாயிப் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார். போர்வைக்குள் ஒரு நீளத் தலையணை. அதன் கால்மாட்டில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்.

கூடத்தில் பூட்ஸ் சத்தம். மொழிபெயர்ப்பாளன் திரைக்கு வெளியே நின்று கேட்டான்: “தொரை கேக்கறாரு, இன்னும் எவ்வளவு நேரம்?”

“இப்பத்தான் கணுக்கால் வரைக்கும் வந்திருக்கேன்.”

“சீக்கிரம் எழுப்புய்யா!”

“உங்க தொரையோட ராணியை இப்படித்தான் எழுப்புவாங்களா? கேட்டுச் சொல்லு.”

அதை அவன் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரிகள் தேநீர் குடித்தார்கள். வெயில் சன்னல் கட்டை தாண்டித் தரையில் இறங்கி, பாயின் மேல் நகர்ந்து, கட்டிலின் காலைத் தொட்டது. “முழங்காலு” என்றார் தாயிப் உள்ளிருந்து.

திரை காற்றில் உப்பித் தணிந்தது, யாரோ மூச்சு விடுவதுபோல. அவர் விரல்களுக்கு நடுவே பஞ்சு வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது. அப்போது தனக்கு ஒரு பயம் வந்தது என்கிறார். அதிகாரி உள்ளே வந்துவிடுவானோ என்ற பயம் அல்ல. “நெசமாவே எந்திரிச்சிட்டார்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். அவர் தூங்கற வரைக்கும்தானே ராஜாங்கம்? பாட்டை இன்னும் மெதுவாக்கிட்டேன்.”

வெயில் உச்சிக்கு வந்தபோது அதிகாரியே திரையைக் கிழித்தான். தலையணையைப் பார்த்தான். துப்பாக்கியின் கட்டை தாயிப்பின் இடது காதில் இறங்கியது. அன்றே மஞ்சள் கொடி இறங்கியது. அரண்மனைத் தூண்களுக்கு நடுவே இப்போது ஆடு மேய்கிறது.

காயம் ஆறி, கெடுபிடி தணிந்து நெடுநாள் கழித்து, ஒரு கூடை மங்குஸ்தான் பழத்தோடு சிங்கப்பூர் போனார். சந்து ஒன்றில் மாடி வீடு. கதவைத் திறந்தது சுல்தானேதான். கைலி கசங்கியிருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

“வா, தாயிப். இங்க யாரும் என்னை எழுப்பவே வேண்டாம். நான் தூங்கறதே இல்லை. வண்டிச் சத்தம், ஆள் சத்தம்… கண்ணை மூடினா கொடிமரந்தான் தெரியுது.”

“எனக்கு எழுப்பத்தானே தெரியும், துவாங்கு. தூங்க வைக்கத் தெரியாதே.”

“தெரிஞ்சதைத் திருப்பிச் செஞ்சு பாரேன்.”

தாயிப் பிரம்பு நாற்காலியின் முன் தரையில் உட்கார்ந்தார். முழங்காலில் ஆரம்பித்து, கெண்டைக்கால், கணுக்கால் என்று கீழே இறங்கினார். பாட்டையும் கடைசி அடியிலிருந்து முதலடிக்குப் பாடினார். கட்டைவிரலை அடைந்தபோது சுல்தானின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

விடைபெறவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சந்து முனையில் மீ நூடுல்ஸ் விற்கும் சீனக் கிழவர், மூங்கில் கட்டையை டக் டக் என்று தட்டியபடி வந்துகொண்டிருந்தார். தாயிப் செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அந்த மூங்கில் கட்டையை, கிழவரின் கையோடு சேர்த்து, தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.