அப்பாவின் வண்டியில் ஒரு சார்ஜர்

என் பெரியம்மா பிரான்சில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். இதயத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அவர் அறையின் ஜன்னலில் தெரிந்ததெல்லாம் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் தன் தங்கையை, அதாவது என் அம்மாவை, வீடியோவில் கூப்பிடுவார். "கடலக் காட்டுடி. பாத்துக்கிட்டே தூங்கிடறேன்."

அங்கே மதியம் என்றால் புதுச்சேரியில் மாலை. ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி ஓடக்கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. அதனால் அப்பா அதற்கு முன்பே லாஸ்பேட்டை வீட்டிலிருந்து தன் பழைய மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்ப் பாறைகளுக்கு எதிரே நிறுத்துவார். அம்மா போனை உயர்த்திப் பிடிப்பாள். பெரியம்மா கண்ணை மூடுவதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிடும்.

அது பெரியம்மாவே வாங்கி வந்து கொடுத்த போன். அந்த மாடலுக்கு இப்போது பேட்டரி கிடைப்பதில்லை. "அக்கா குடுத்தது ஓடறவரைக்கும் ஓடட்டும்" என்று அம்மா வேறு போனுக்குச் சம்மதிக்கவில்லை. பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சார்ஜ் போட இருவருமே மறந்தார்கள். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். நான் மின்பலகைகள் செய்யும் பட்டறை ஒன்றில் பொறியாளர். அந்த நேரத்தில் வேலையில் இருப்பேன்.

வண்டியிலேயே ஒரு சார்ஜிங் சாக்கெட் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தண்ணீர் புகாத சாக்கெட், பியூஸ், ரிலே, வயர், இன்சுலேஷன் டேப் என்று எழுதிக்கொண்டேன்.

"நாலு பாயிண்ட் எழுதலன்னா இவ தண்ணி கூட குடிக்க மாட்டா," என்றார் அப்பா.

"எழுதாமப் போயி புளிக்குப் பதிலா மொளகா வாங்கியாந்தவருதான நீங்க? சும்மா இருங்க," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சீட்டைக் கழற்றினேன். ஹேண்டிலில் சாக்கெட்டும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸும் வைத்தேன். சாவியைத் திருப்பினால் மட்டும் ரிலே வழியாக மின்சாரம் வரும்படி இணைத்தேன். அப்படிச் செய்தால் சார்ஜரைக் கழற்ற மறந்தாலும் வண்டியின் பேட்டரி இறங்காது. ஹேண்டில் திரும்பும்போது இழுபடாமலிருக்க வயரைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினேன். வேலை சுத்தமாக வந்திருந்தது.

மறுநாள் இரவு அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா ஏதோ சொல்ல வாயத் தொறந்தா. அதுக்குள்ள போன் போயிடுச்சு."

சாக்கெட்டைச் சோதித்தேன். பழுதில்லை. அப்பாவின் பழக்கத்தைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. சிக்னலில் நின்றால்கூடப் பெட்ரோல் வீணாகுமென்று சாவியைத் திருப்பி அணைப்பவர் அவர். வண்டியை நிறுத்தினால் சாவி உடனே சட்டைப் பைக்குப் போய்விடும். "நாளைக்கு மட்டும் சாவிய வண்டியிலயே விடுங்கப்பா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கை தானா எடுத்துடுச்சும்மா," என்றார் அடுத்த நாள், பையைத் தொட்டுக்கொண்டே.

வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை என்று தகவல் வந்தது அன்றுதான். புதன்கிழமை மாலை ஒன்றுதான் மிச்சம். "மயக்கம் குடுத்தா திரும்ப எழுப்பிடுவாங்கல்ல?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். எழுப்பிவிடுவார்கள் என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் ரிலேயைக் கழற்றி, சாவியோடு சம்பந்தமில்லாமல் சின்னதாக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். அணைக்க மறந்தால் பேட்டரி இறங்கும். இறங்கட்டும், அந்த வண்டிக்குக் கிக்கர் இருக்கிறது.

மாலையில் பட்டறையில் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் போனேன். சார்ஜர் கேபிள் நீளம் போதவில்லை போல. அப்பா வண்டியின் முன்பக்கம் கடலைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தியிருந்தார். சீட்டில் அம்மா ஒருக்களித்து உட்கார்ந்து, வண்டியோடு கட்டிப்போட்ட போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அலை பாறைகளில் மோதிக்கொண்டிருந்தது.

தடுப்பை இழுத்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர் காலத்துச் சிவப்புத் தொப்பியோடு ஒரு போலீஸ்காரர் வந்தார். "ஆறாவப் போவுது. வண்டிய எடுங்க சார்."

"ரெண்டு நிமிஷம் சார். இவங்க அக்கா பிரான்ஸ்ல ஆஸ்பத்திரில இருக்காங்க. நாளைக்கு ஆபரேஷன். கடலப் பாக்கறாங்க," என்றார் அப்பா.

போலீஸ்காரர் போனுக்கு முன்னால் வந்து, குனிந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"யாருடி அது, சிவப்புத் தொப்பி?" போனிலிருந்து பெரியம்மாவின் குரல் தூக்கக் கலக்கமாக வந்தது. "இன்னுமா அத மாத்தல?"

"மாத்தலம்மா, அதேதான்," என்றார் போலீஸ்காரர். பிறகு அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். "இன்ஜின் ஓடல இல்ல? அப்ப பரவால்ல. போம்போது தள்ளிக்கிட்டுப் போங்க." எங்களுக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தடுப்பைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

நான் அருகில் போனபோது அம்மா உதட்டில் விரல் வைத்தாள். திரையில் பெரியம்மாவின் முகம் தலையணையில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. அம்மா கையைத் தாழ்த்தவில்லை. விளக்குகள் எரிந்து, நடக்க வருகிறவர்கள் சாலையை நிறைக்கும் வரை கடலைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

"தூங்கிட்டா," என்றாள் கடைசியில், அங்கே கேட்டுவிடும் என்பது போல மெதுவாக. இத்தனை நாளும் பேட்டரிதான் அந்தப் பேச்சை முடித்துவைத்தது. அன்று அம்மா தானே விரலை வைத்து அணைத்தாள்.