தலை திருப்புகிறவள்

வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவள் பாதி முடிவுக்கு வந்துவிடுவாள். கறுப்புக் கண்ணாடியின் பட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்திருப்பாள்; பார்வை மட்டும் வாசலிலிருந்து வரும் கால்களின் மேல் இருக்கும். யார் கை சுவரைத் தேடுகிறது, கூப்பிட்டால் யார் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறார், ஒன்றும் தப்பாது.

“தலைசுத்தல் உண்டா?”

“இல்லைங்க.”

“படுத்து எழுந்தா?”

“இல்லவே இல்லைங்க.”

“கப்பல்ல போனா?”

“நான் எங்கேம்மா கப்பலைக் கண்டேன்!”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டுவாள்.

ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் இந்த வருடம் அவளுக்கு நோயில்லாதவர்களைச் சோதிக்கும் வேலை. நம்மைத் தள்ளாடாமல் வைத்திருக்கும் உட்காது வயது ஏற ஏற எப்படி மாறுகிறது என்று பார்க்க, மீசை அரும்பியவர் முதல் பல் கொட்டியவர் வரை வருகிறார்கள். கேமரா வைத்த கண்ணாடியை மாட்டி, எதிர்ச்சுவரில் ஒட்டிய புள்ளியையே பார்க்கச் சொல்லுவாள். பின்னால் நின்று தலையை இரு கையாலும் பிடித்து, எதிர்பாராத நேரத்தில் வெடுக்கென்று கொஞ்சம் திருப்புவாள். காது சரியாக இருந்தால் கண் புள்ளியிலேயே நிற்கும். இல்லாவிட்டால் தலையோடு போய்விட்டுப் பதறிப்போய்த் தாவித் திரும்பும். வாய்க்குப் பொய் சொல்ல நேரம் உண்டு, கண்ணுக்குக் கிடையாது என்பது அவள் கட்சி.

கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘சிஐடி’. கடையில் முட்டையை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். மகள் போனில் “நல்லா இருக்கேம்மா” என்றால், “குரல் அப்படிச் சொல்லலையே” என்பாள்.

சில மாதங்களாக அவளுடைய சந்தேகம் முழுவதும் வீட்டுக்காரர் மேல். அவர் பெயிண்டர், அறுபதைத் தாண்டியும் ஏணியில் அணில் மாதிரி ஏறுகிறவர். இப்போது மாடிச் சுவரை மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டு, கீழ்ச்சுவரோடு நின்றுகொள்கிறார். வீட்டுக்கு வரும்போது நிலைப்படியில் தோள் இடிக்கிறது.

“வேலைக்குப் போய்ட்டு வர்ற ஆளு நடக்கற நடையா இது?” என்று கேட்டாள். அவர் முகம் கழுவப் போய்விட்டார். குடிதான் என்று அவள் முடிவு கட்டினாள்.

அறுபது வயதுக்காரர்கள் போதவில்லை என்று டாக்டர் சொன்னதும், “எங்க வீட்டுலயே இருக்காரே, இரும்பு மாதிரி” என்று அவரைக் கூட்டிவந்தாள். காது சரியென்று வந்தால் தள்ளாட்டத்துக்கு வேறு சாக்கு இருக்காது. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது மனக்கணக்கு.

தலைசுத்தல் உண்டா என்றதற்கு அவரும் இல்லை என்றார். வலப்பக்கம் திருப்பினாள். கண் நின்றது. இடப்பக்கம் திருப்பினாள். திரையில் கண் வழுக்கிப் போய்த் தாவி வந்தது. கண்ணாடிதான் தளர்ந்திருக்கிறது என்று பட்டையை இறுக்கினாள். மறுபடியும் வழுக்கியது. அந்தக் கருவியையும் நம்பாமல் இன்னொரு தடவை திருப்பினாள். அப்போதும் அதேதான்.

“எத்தனை நாளா?” என்றாள், பின்னால் நின்றபடியே.

“மழைக்கு முன்னாடியிருந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஏணியைத் தொட விடுவியா? ஏணி இல்லாம நான் எதுக்கு?”

“நான் குடிக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“தெரியும். ஏணி போறதுக்குக் குடிகாரன்ங்கற பேரே தேவலாம்னு விட்டுட்டேன்.”

அவர் புள்ளியைப் பார்த்தபடியே கழுத்தைத் தளர்த்தி, அடுத்த திருப்பலுக்குக் காத்திருந்தார். அவள் கைகள் அவர் தலையின் இருபுறமும் இருந்தன. திருப்பாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.