ஊரடங்கு நேரத்தில மாப்பிள்ளைக்கு ஊர் காட்டின கதை

...இல்ல புள்ள, உன்ட மகளும் மருமகனும் சண்டை பிடிக்கல்ல. நான் வேலிக்கு இஞ்சால நிண்டு முழுக்கக் கேட்டனே. கொழும்பில இருக்கிறதா, மட்டக்களப்பில இருக்கிறதா எண்டு யோசிக்காங்க. அங்க ராவைக்கும் கடை திறந்திருக்குமாம், கடக்கரையில ஐஸ்கிறீமாம். இஞ்ச என்ன கிடக்கு எண்டு கேக்கான் உன்ட மருமகன். நீ அதுக்குள்ள அவனுக்கு ஊர்ப் பெருமை சொல்லப் போகாத புள்ள. அந்த விசயத்தில நான் வாங்கின அடி ஊருக்கே தெரியும், நீதான் அப்ப இவடத்த இல்ல.

நான் எத்தின வருசம் கலியாணம் பேசின ஆள்! எழுத்து ஒண்டும் தெரியா. சாதகத்த ஐயர்ட்டக் குடுத்திட்டு, நான் ஆக்கள்ட முகத்தப் பாப்பன். முகத்தப் படிக்கிறதில என்னை அடிக்க ஆளில்ல எண்டு எனக்குள்ள ஒரு எண்ணம்.

நம்மட பக்கம் மாப்பிள்ளதானே பொண்ணுட ஊட்டுக்கு வரோணும். அதால அவனுக்குப் பொண்ணு பிடிச்சாப் போதாது, ஊரும் பிடிக்கோணும். சண்டைக் காலத்தில அதுதான்கா கரைச்சல். கறண்டு இல்ல. ஆறு மணிக்கு ஊரடங்கு. டவுணுக்குள்ள, புளியந்தீவிலயே கடையெல்லாம் அஞ்சு மணிக்கே பலகை போட்டிருவாங்க. இந்தக் குருக்கள்மடத்தில கோழியும் சனமும் ஒரே நேரத்திலதான் அடையும்.

அப்ப பக்கத்து வளவு மலருக்கு ஒரு சம்பந்தம் கொண்டு வந்தன். முதல் ரெண்டு இடம் குழம்பிப் போச்சு. ஏனெண்டா தாய்க்குக் கால் ஏலா, அவள் தாய விட்டுட்டு ஒரு ஊருக்கும் போகமாட்டாளாம். இதுவும் குழம்பினா இனி என்ன ஆரும் கேக்கவேணாமெண்டு சொல்லிப்போட்டாள். மாப்பிள்ள பேர் யோகன். கல்குடாப் பொடியன், கொழும்பில வேல. அவன்ட பெரியம்மாதான் பேசினவ. அவ ஒருக்காக் கொழும்புக்குப் போய் மூண்டு நாள் நிண்டிட்டு வந்து, அத மூண்டு வருசம் கதைச்ச மனிசி.

"எங்கட யோகன் பெரிய கந்தோரில உத்தியோகம். பின்னேரம் குளிச்சி உடுத்து வெளிக்கிட்டானெண்டா விடியத்தான் வருவான். வெள்ளவத்தையில ராவா பகலா எண்டே தெரியா தங்கச்சி, அவ்வளவு லைற்று!" எண்டா.

விடிய விடியச் சுத்திற பொடியன், ஆறு மணிக்குப் பாயைப் போடுற ஊரில இருப்பானா? மலரக் கொழும்புக்கு அனுப்பு எண்டுவான், அவள் ஏலா எண்டுவாள், முடிஞ்சிது.

அவனிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல்ல. முகம் படிக்கிற ஆளாச்சே நான்!

பொண்ணு பாக்கப் பின்னேரம் வந்தாங்க. மலர் தேத்தண்ணி குடுத்தாள், அவன் தலையக் குனிஞ்சபடி குடிச்சான். நல்ல வெக்கம் பொடியனுக்கு எண்டு நினைச்சன். இஞ்சயும் ராவைக்கு ஆட்டம், சிரிப்பு, முஸ்பாத்தியெல்லாம் கிடக்கு எண்டு அவனுக்குக் காட்ட, கடைசி பஸ் போகுமட்டும் நான் பலகாரம், வெத்தில, அதுக்கு மறுகாத் தயிர் எண்டு இழுத்தன். ஊரடங்கு வந்திற்று. இனி எங்க போறது? பெரியம்மாவும் அவனும் என்ட ஊட்ட தங்கினாங்க.

மறுகாத்தான் என்ட வேல தொடங்கிச்சு. ஊரடங்கு றோட்டுக்குத்தானே, வேலியில கிடக்கிற பொட்டுக்கு இல்லையே! அந்த ஓட்டைகளால நாலு வளவுச் சனமும் குனிஞ்சு குனிஞ்சு வந்து சேந்திற்று. சன்னலுக்குச் சாக்குத் தொங்கப்போட்டு, லாம்பக் கட்டிலுக்குக் கீழ வெச்சி, சைக்கிளக் கவுத்து பெடலக் கையால சுத்தி, டைனமோக் கறண்டில ரேடியோப் போட்டம். நண்டுக்கறி ஒருபக்கம். முந்நூற்றி நாலு எண்ட சீட்டு விளையாட்டு ஒருபக்கம். சத்தம் வெளிய போகப்படா எண்டு சீலத் தலைப்ப வாயில அடைச்சிக்கொண்டு சிரிச்சம். பெரியம்மா ஆட்டத்துக்கு ஆட்டம் வெண்டு, "இத விட்டுட்டு நான் ஏன் கல்குடாவில கிடக்கன்!" எண்டா.

யோகன் நடுவில இருந்தான். கண் சொருகும். "தம்பி, உங்கட கை!" எண்டு தொடையில தட்டுவன். ஒழும்பித் துரும்புக்கு மேல துரும்பு போடுவான். அட, கொழும்பான் தோக்கான், நம்மட ஊர் ஆட்டத்தில மயங்கிட்டான் எண்டு எனக்குச் சந்தோசம்.

திடீரெண்டு பொட்டுக்குள்ளால ஒரு தலை. மலர்! பொண்ணு பாத்த அண்டைக்கே பொண்ணு இஞ்சால வரலாமா? எனக்கு உசிர் போயிற்று.

"சின்னம்மா, அந்த மனிசன்ட முகத்தப் பாத்தீங்களா?"

"என்னடி முகத்துக்கு?"

"பின்னேரம் தேத்தண்ணி குடிக்கக்குள்ளயே நித்திரையில கோப்பைக்குள்ள விழப்பாத்தவர். கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. நீங்க அவருக்குச் சீட்டுப் போடுறீங்க!"

அவள் சீட்டு முழுக்கப் பொறுக்கி இடுப்பில சொருகினாள். ரேடியோவ நிப்பாட்டினாள். "போங்க, எல்லாரும் அவங்கவங்கட வளவுக்குப் போங்க. பெரியம்மா, நீங்களும் படுங்க" எண்டாள். பெரியம்மா கையில நல்ல சீட்டு, அழாக்குறை. மலர் உள்வீட்டில பாயத் தட்டி விரிச்சி, அவனப் பாக்காமலே, "படுங்க. ஒருத்தரும் தட்டமாட்டாங்க" எண்டு சொல்லிற்றுப் பொட்டுக்குள்ளால போயிற்றாள்.

யோகன் அடுத்தநாள் மத்தியானம்தான் கண் முழிச்சான். கஞ்சி குடிச்சிக்கொண்டு சொல்றான்:

"அக்கா, நான் ராவில அச்சகத்தில பேப்பர் அடிக்கிற வேல. பெரியம்மா அதக் கந்தோர் எண்டு சொல்லியிருப்பா. விடிய லொட்ஜில வந்து படுத்தா, செக்கிங் எண்டு பொலிஸ்காரர் கதவத் தட்டுவாங்க. ஐடென்டிகாட், பொலிஸ் றிப்போட், ஏன் பகல்ல படுக்காய் எண்டு கேள்வி. நாலு வருசமா ஒழுங்கான நித்திர இல்ல. உங்கட ஊர் ஆறு மணிக்கே படுத்திருமெண்டு கேள்விப்பட்டுத்தான் பொண்ணு பாக்க ஓமெண்டனான்."

எனக்கு நிலம் வெடிச்சாப் போதுமெண்டு இருந்திச்சு. குழம்பிற்று, மூண்டாவதையும் நான்தான் குழப்பினது எண்டு நினைச்சன்.

"ராத்திரி அந்த முஸ்பாத்தியப் பாத்திட்டு, காலம விடியமுந்தி ஓடிருவம் எண்டுதான் இருந்தன்" எண்டான். "ஒருத்தரும் தட்டமாட்டாங்க எண்டு அவ சொன்னாவே, அத எனக்குக் கொழும்பில ஒருத்தரும் சொல்லல்ல. நான் இஞ்சயே வாறன் அக்கா. புளியந்தீவில ஒரு பகல் வேல தேடுறன். ஆனா நீங்க ஒரு சொல்லுத் தரோணும்."

"என்ன தம்பி?"

"கலியாணத்தண்டு ராவைக்கு ஒருத்தரும் சீட்டு விளையாட வரப்படா."

"அண்டைக்கும் நித்திரதான் கொள்ளப்போறீங்களா தம்பி?" எண்டன். அவனுக்குக் காது நுனி வரைக்கும் சிவந்திற்று. வேலிக்கு அங்கால மலர் களுக்கெண்டு சிரிச்சது எனக்குக் கேட்டிச்சு.

அதுக்குப் பொறகு நான் பேசின மாப்பிள்ளமாரிட்ட முதல் கேள்வி, "தம்பி, நல்லா நித்திர வருதா?" சாதகமெல்லாம் அதுக்கு மறுகாத்தான். நீயும் உன்ட மருமகனிட்டக் கொழும்பில ராவைக்கு என்ன கிடக்கு எண்டு கேளாத. அவனுக்கு என்ன இல்லாமக் கிடக்கு எண்டு கேளு. அவன் சொல்ற மறுமொழியில... ஐயோ, தூறுது கா! முத்தத்தில அவிச்ச நெல்லு காயுது, பாயின்ட அந்தப் பக்கத்தப் பிடி, கெதியா!