பாதி வழியில் கொட்டிய உப்பு

பத்து வயதில் நான் ஒரு மனிதரைத் திருடராக்கினேன். அதற்கு ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திருப்பூரில் எங்களுக்குச் சாயப்பட்டறை இருந்தது. துணியில் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். லாரியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சிந்திக் கிடக்கும் உப்பின்மேல் ஓடி விளையாடி வளர்ந்தவன் நான்.

அமராவதி அணைக்குத் தெற்கே, காட்டுக்குள் இருக்கும் ஒரு மலைக்கிராமத்து அம்மனுக்கு எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் உப்புக் கொண்டுபோகும். முதல்முறை மலையேறுகிறவர்தான் அதைச் சுமக்க வேண்டும். நோம்பித் திருவிழாவன்று ஊருக்கெல்லாம் பொங்குகிற சோற்றில் அந்த உப்பைத்தான் போடுவார்கள். வேறு உப்புச் சேர்க்கக் கூடாது. அந்த ஆண்டு முதல்முறை ஏறியவன் நான். பனியன் துணியில் தைத்த பையைப் பெரியப்பா என் தோளில் மாட்டி, "கீழ வெக்காம, ஆருகிட்டயும் குடுக்காம வரோணும்" என்றார்.

அடிவாரத்திலிருந்து இரண்டு பழைய ஊர்களைத் தாண்ட வேண்டும். முதல் ஊரில் எந்தக் காலத்துப் பாளையக்காரரோ கட்டிய மதில் இடிந்து கிடக்க, அதன்மேல் ஆடுகள் நின்றன. இரண்டாவது ஊரில் ஒரு வீரக்கல்லுக்கு மாலை போட்டிருந்தார்கள். அப்புறம் மூங்கில் காடு. பாதை செங்குத்தாக நிமிர்ந்தது. காலில் அட்டைகள் ஏறின. வியர்வையில் ஊறிய உப்புப் பை தோளை எரித்தது. ஓர் ஓடைப் பக்கம், எல்லோரும் முன்னால் போனதும், பையின் வாயை அவிழ்த்து முக்கால்வாசியைப் புதரில் கொட்டினேன். எங்கள் பட்டறையில் அவ்வளவு உப்பைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவார்கள்.

அப்படியும் ஏற முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்த மலைக்கிராமத்துக்காரர். கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாதவர். திரும்பி வந்து பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தப் பஞ்சுப் பொதிக்கா கண்ணு இத்தன அழுகை?"

சிரித்துக்கொண்டே பையை ஒரு தோளிலும் என்னை மறு தோளிலுமாகச் சுமந்து மேட்டைக் கடத்திவிட்டார்.

மேலே, பூசாரி பையைக் கையில் வாங்கியதும் முகம் மாறினார்.

"ஏனுங்க, பட்டறைக்காரர் ஊட்டுலயே உப்புக்குப் பஞ்சமுங்களா?"

கூட்டம் சிரித்தது. பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பையை ஆராச்சும் வாங்குனாங்களா?"

"நடுவுல அவருதான் தூக்கிட்டு வந்தாருங்க."

உண்மைதான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மலையில் உப்பு அருமையான பொருள். அவர் எடுத்திருப்பார் என்று நம்புவது எல்லோருக்கும் எளிதாக இருந்தது. "கேட்டிருந்தா ஒரு மூட்டையே குடுத்திருப்பனேப்பா" என்றார் பெரியப்பா. அதற்குப் பதில் அவரை அடித்திருக்கலாம். வழிகாட்டி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஊர் அன்று உப்புப் பத்தாத சோற்றைத் தின்றது. சாமி பொருளை இனித் தொடக் கூடாதென்று அவரை விலக்கிவைத்தார்கள். அடுத்த ஆண்டு எங்களுக்கு வழிகாட்ட வேறொருவர் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் மலைக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

பெரியப்பா இருந்தவரை உண்மையைச் சொல்லப் பயம். அதற்குப் பிறகும் வருஷங்கள் போயின. அவற்றுக்கு நான் வைத்துக்கொண்ட பெயர் வெட்கம். எழுபது வயதாகி, போன தை மாதத்தில்தான் மறுபடி ஏறினேன். இப்போது ஜீப் போகிறது. நான் உப்புப் பையோடு நடந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ரேஷன் கடையில் உப்புப் பாக்கெட் கிடைக்கிற ஊரில், என் பையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கோயில் முன்னால் கூடியவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். இளைஞர்கள் மரியாதையாகக் கேட்டார்கள்.

அந்த வழிகாட்டி உயிரோடு இருந்தார். கூட்டத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்தார்.

"எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டீங்க. ஊட்டுல அவகிட்டயும் ஒருக்காச் சொல்லிருங்க. காது மந்தம், சத்தமாச் சொல்லோணும்."

அவர் மனைவி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். உப்பைக் கொட்டியவன் நான்தான் என்று இரண்டு முறை கத்திச் சொன்னேன். முறம் நின்றது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார்.

"அப்பறம் ஏனுங்க அன்னிக்கு வாயத் தொறக்கல? நீங்க தலையத் தொங்கப்போட்டதப் பாத்துத்தான நானும் நம்புனேன்?"

"பட்டறைக்காரரு பையன் மறைக்குதுன்னு நாஞ் சொன்னா ஆரு நம்புவாங்க? நீ நம்பியிருப்பயா?"

 அந்த அம்மாள் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். கிழவர் வாசற்படியில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் மலையிறங்கினேன்.

கொட்டியவன் நானே என்று தெரிந்திருந்தும், அன்று அந்தக் குனிந்த தலையைப் பார்த்து, இவரும் கொஞ்சம் எடுத்திருப்பாரோ என்று பத்து வயதில் நான் நினைத்தேன். அதை மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை.